வட்டம் கேட்டால் முட்டை

“வட்டம் போடச் சொன்னா முட்டை போடுது மச்சான்!”

கம்பெனி பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் இப்படிச் சொன்னதும், ஒட்டுக்கேட்கும் வியாதிக்காரனான நான் தூங்குவதுபோல் நடித்தேன்.

“கோழியா?” என்றார் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்.

“வூட்ல இருக்குற மில்லிங் மெஷினு, இரும்பு வெட்டுறது. கம்ப்யூட்டர் மாட்டிக்கினு இருக்கேன்ல? திருகுல லூஸு, திருப்பிச் சுத்துனா கொஞ்ச தூரம் சும்மா சுத்தும். நாம ஓட்டுனா கை தானா கொஞ்சம் அதிகமாத் திருப்பிடும். கம்ப்யூட்டருக்கு அதச் சொல்ல மறந்துட்டேன்.”

“அப்ப பம்பு கம்பெனி ஆர்டர்?”

“வட்டமா வந்தாத்தான் தருவாங்க. இப்ப லூஸ அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லிட்டேன். காலைல போட்டது இது.”

அவர் பையிலிருந்து எடுத்து நீட்டிய இரும்பு வில்லையைப் பக்கத்தவர் வாங்கி, தன் வெர்னியர் அளவுகோலால் திருப்பித் திருப்பி அளந்தார். நான் ஒரு கண்ணைத் திறந்தேன்.

“எல்லாப் பக்கமும் ஒரே அளவு மாப்ள! பம்பு கம்பெனில போய்க் காட்டு.”

“ஷிப்டு?”

“சூப்பர்வைசர்கிட்ட நான் சொல்லிக்கறேன். எறங்கு!”

அவர் இறங்கி ஓடினார். நான் இறங்க வேண்டிய ஸ்டாப் எப்போதோ போய்விட்டிருந்தது.