பாட்டில் வந்த ஆட்டுக்கொம்பு

பெயர்: எலுத்தேரியோ ரெந்தேரியா. வயது: 51. தொழில்: பாட்டு கட்டுதல், அக்கார்டியன் வாசித்தல். முகவரி: மாதா கோயில் பின்தெரு, சான் பிளாசிதோ, தூராங்கோ மாநிலம், மெக்சிகோ. யாரும் அழைக்காமல் நானாகவே வந்து விசாரணை அதிகாரி முன்பு சொல்வது:

பிறந்தநாள், ஞானஸ்நானம், குதிரைப் பந்தயம் எதுவானாலும் அதற்குரியவர் பேரைச் சொல்லி, அவர் கதையைப் பாட்டாகக் கட்டித் தருவது என் தொழில். தற்போது சிறையில் இருக்கும் நிக்கானோர் அர்ரியோலாவை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். அவர் வெள்ளாடு வளர்த்து, சீஸ் செய்து விற்பவர். இடது காது மந்தம். அவருக்கும் எனக்கும் முன்பகை எதுவும் இல்லை.

2017 மே மாதம் அவருடைய மனைவி ஒப்துலியா என் வீட்டுக்கு வந்து, நிக்கானோருக்கு அறுபது முடிகிறது, அவர் பேரில் ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டார். "ஆட்டோட ஆடா திரியற மனுஷன் தம்பி. ஊர்ல ஒருத்தரும் அவரை ஒரு ஆளா மதிக்கிறதில்ல. அன்னிக்கு ஒரு நாளாவது பெரிய மனுஷனா நிக்கட்டும்" என்றார். அதன்பிறகு அந்த வருடத் தவக்காலத்தில் நடந்த சம்பவத்தைச் சொன்னார். ஒரு மத்தியானம் மூன்று பேர் இடுப்பில் கைத்துப்பாக்கியோடு வண்டியில் வந்து ஆடுகளை ஏற்றப் பார்த்திருக்கிறார்கள். நிக்கானோர் பட்டி வாசலை மறித்து நின்று, மந்தையைக் கூப்பிட வைத்திருந்த காளைக்கொம்பை ஊதியிருக்கிறார். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் மண்வெட்டியோடு ஓடி வர, மூவரும் வண்டியில் ஏறி ஓடிவிட்டார்கள். ஓடும்போது ஒருவன் மட்டும் ஆட்டுப்புழுக்கையில் வழுக்கி விழுந்தான். அவன் விட்டுப்போன தொப்பியை நானே பிறகு பார்த்தேன்; அதில் கோழி அடை வைத்திருந்தார்கள்.

அது காளைக்கொம்புதான். நான் கையில் வாங்கி ஊதிப் பார்த்திருக்கிறேன். எனக்குச் சத்தம் வரவில்லை, எச்சில்தான் வந்தது.

அதன்பிறகு பாட்டு கட்ட உட்கார்ந்தேன். காளைக்கொம்பு என்று போட்டால் அடி சரியாக உட்கார்ந்தது, ஆனால் சப்பென்று இருந்தது. எங்கள் பக்கத்தில் ஆட்டுக்கொம்பு என்றால் ஏ.கே. ரகத் துப்பாக்கி. தோட்டாப் பெட்டி கொம்பு மாதிரி வளைந்திருப்பதால் வந்த பேர், அய்யாவுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கச்சேரியில் அந்தச் சொல் காதில் விழுந்தால் இளவட்டங்கள் விசில் அடிக்கும். அந்த விசிலுக்கு ஆசைப்பட்டு நான் தெரிந்தே இப்படிக் கட்டினேன்:

"ஆட்டுக்கொம்பைக் கையில் எடுத்து
வாசல் மறித்தான் நிக்கானோர்;
ஒருதரம்தான் அது பேசியது,
மூவர் மண்ணைக் கவ்வினார்."

விழுந்தது ஒருவன். மூன்று பேரையும் விழவைத்தது நான்.

விருந்தில் பாட்டு முடிந்ததும் எதிர்பார்த்தபடி விசில் பறந்தது. ஒப்துலியா அழுதார். நிக்கானோர் நல்ல காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு, "தம்பி, அது காளைக்கொம்புல்ல?" என்று கேட்டார். "பாட்டுக்கு இதான் அண்ணே எடுப்பா இருக்கு" என்றேன். "சரி, பாட்டு உன்னோடது" என்று சொல்லி என் தட்டில் இன்னொரு துண்டு ஆட்டுக்கறி வைத்தார். அதன்பிறகு யாரோ அந்தப் பாட்டைக் கைப்பேசியில் பரப்பிவிட, எனக்குப் பக்கத்து ஊர்களிலிருந்தும் அழைப்பு வந்தது.

2019 பிப்ரவரி 9 அன்று நிக்கானோரின் பட்டிக்குப் பின்னால் உள்ள ஓடையில் மூன்று ஆண்களின் மக்கிப்போன பிணங்கள் கிடைத்தன. பாட்டில் வரும் மூவர் இவர்கள்தான் என்று சொல்லி, மூன்று நாள் கழித்து அவரைக் கைது செய்தார்கள். அவர் அளித்ததாகச் சொல்லப்படும் வாக்குமூலத்தை அவருடைய வக்கீல் எனக்கு வாசித்துக் காட்டினார். அதில் பாட்டின் நான்கு அடிகளும் இருந்தன. அதற்குக் கீழே, "இந்தப் பாட்டில் வரும் ஆட்டுக்கொம்பு உம்முடையதா?" என்ற கேள்விக்கு "ஆமாம் அய்யா" என்றும், "எங்கே வைத்திருக்கிறீர்?" என்ற கேள்விக்கு "அடுப்படிக் கதவுக்குப் பின்னால்" என்றும் பதில் இருந்தது. அடியில் அவருடைய கைநாட்டு.

வக்கீல், அது நிஜமாகவே ஊதுகிற கொம்பு என்று வாதாடியிருக்கிறார். ஆனால் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் கிடைத்தது காளைக்கொம்பு என்று கால்நடை மருத்துவர் சான்று கொடுத்துவிட்டார். ஆகவே பாட்டில் வருகிற ஆட்டுக்கொம்பு வேறு, அது துப்பாக்கிதான், எங்கோ ஒளித்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்த முடிச்சை அவிழ்க்கக்கூடியவன் நான் ஒருவன்தான். தெரிந்தும் பதினோரு வாரம் வாயைத் திறக்கவில்லை.

காரணம் பயம் மட்டும் இல்லை. துப்பாக்கிப் பாட்டுக்காரன் என்று பேர் எடுத்துவிட்டு, நான் பாடியது மாட்டுக்கொம்பை என்று ஊர் முன்னால் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. இதைச் சொல்லும் இந்த நேரத்திலும் என் மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

சென்ற சனிக்கிழமை காலை ஒப்துலியா வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "பெரிய மனுஷனாக்கச் சொன்னேன் தம்பி. நீ கொலைகாரனாக்கிட்ட" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகு திங்கட்கிழமை சிறைக்குப் போய் நிக்கானோரைப் பார்த்தேன். மெலிந்திருந்தார். சினை ஆடுகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று முதலில் கேட்டார். நான், "ஏன் அண்ணே ஆமாம்னு சொன்னீங்க? அது காளைக்கொம்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று கேட்டேன்.

"அந்த அதிகாரி பாட்டை முழுசா வாசிச்சாரு தம்பி. வாசிச்சுட்டு, இது நிஜமான்னு கேட்டாரு. எனக்குன்னு ஒருத்தன் கட்டின ஒரே பாட்டு. அதுல நீ பொய் சொல்லியிருக்கேன்னு நான் எந்த வாயால சொல்றது?"

ஆட்டுக்கொம்பு என்றால் ஊரில் என்ன அர்த்தம் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் அன்று அவரிடம் கேட்டது பாட்டைப் பற்றி, அவர் பதில் சொன்னதும் பாட்டுக்காகத்தான் என்று சொல்லிக்கொள்கிறேன்.

அப்படியானால் உன் பாட்டில் எதைத்தான் நம்புவது என்று இப்போது இங்கே அதிகாரி கேட்டதற்கு, வாசலை மறித்து நின்றதை நம்பலாம், மற்றதெல்லாம் என் கைச்சரக்கு என்றேன். அந்த மூன்று பேரைக் கொன்றது யார் என்பது எனக்குத் தெரியாது.

இவ்வளவும் நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு, எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. இதில் பாட்டுக்காகச் சேர்த்தது எதுவும் இல்லை. இரண்டாம் பக்கத்தில், நிக்கானோர் மந்தையைக் கூப்பிட வைத்திருந்தது என்ற இடத்தில், எழுத்தர் பழக்கதோஷத்தில் ஆட்டுக்கொம்பு என்றே எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு, என் கையாலேயே காளைக்கொம்பு என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) எலுத்தேரியோ ரெந்தேரியா
2 மே 2019