மூணு கதவு வீடு

— அடுப்புல வச்ச மரவள்ளிக்கிழங்கு வேகறதுக்குள்ள இந்த வீட்டைக் கட்டி முடிச்சுட்டோம், பிரென்டா மேடம். ஆணி ஒண்ணு கூட அடிக்கல.

— புளுகறான். கப்பல்ல எஞ்சின் ஓட்டினப்பவே சுறாவை விசிலடிச்சுக் கூப்பிட்டேன்னு சொன்னவன் எங்க விலிகேசா.

— அபிசாய், உங்க முறை வரும். பலகையெல்லாம் எப்படி அறுத்தீங்க, விலிகேசா?

— நானா அறுத்தேன்? புயலுக்கு அப்புறம் நீங்க படகுல அனுப்பின மெஷின்தான். கம்ப்யூட்டர்ல படத்தைக் காட்டினா ஒட்டுப்பலகையைப் பல்லும் பள்ளமுமா அறுத்துத் தள்ளுது. கோத்து, மரச்சுத்தியால ஒரு தட்டு. காதுல தோடு மாட்டற மாதிரி.

— நாங்க அனுப்பின படத்துல ஒரே கதவுதானே?

— அதுலதான் முதல் வீடு வீணாப் போச்சு. சிட்னியில உங்களுக்கு ஒண்ணு போதும். இங்க பெரியவங்களுக்கு வீட்டுத் தலைமாட்டுல மேல் கதவு, மத்தவங்களுக்குப் பக்கக் கதவு, பொம்பளைங்க சமையலுக்குப் போய்வரக் கால்மாட்டுல கீழ்க் கதவு. ஒரே வழியில எல்லாரும் எப்படி நுழையறது? ஒருத்தரும் கால் வைக்கல. அப்புறம்தான் படத்தை மாத்தி இதை அறுத்தோம்.

— கதவு கூடினா சுவர் தாங்காதே.

— போன வாரக் காத்துல பக்கத்துக் கொட்டகை பறந்து அடுத்த தீவுல இறங்குச்சு. இது அசையல.

— அடுத்த தீவாம். கோழிக்கூண்டு ஒண்ணு கவுந்துச்சு, மேடம். அவ்வளவுதான்.

— இவர் சொல்றதை மட்டும் வச்சு நான் ஆபீசுக்கு ரிப்போர்ட் எழுத முடியாது. ஊர்க்காரங்களே கட்டினாங்கன்னு இன்னொருத்தர் சொல்லணும். இல்லன்னா மெஷின் இங்க வீண்னு சொல்லி நாளைக்கே படகுல ஏத்தித் திருப்பி எடுத்துக்குவாங்க. புயல்ல வீடு போய்க் கூடாரத்துல இன்னும் எத்தனை குடும்பம் இருக்கு?

— முப்பத்தாறு.

— அபிசாய், இப்ப நீங்க சொல்லுங்க.

— இவன் முன்னாடி எப்படிச் சொல்ல? இவன் எங்க அத்தை மகன். எங்க ஊர்ல மச்சான் மச்சானைக் கேலிதான் பண்ணணும். மெச்சினா மானம் போயிடும். முதல்ல இவனை வெளிய அனுப்புங்க.

— போறேன், மச்சான். எந்தக் கதவு வழியா?

— உன் மூஞ்சிக்கு ஜன்னலே அதிகம். போ.

— போயிட்டார். சொல்லுங்க.

— எட்டிப் பாருங்க, ஒட்டுக் கேட்பான்.

— இல்ல, கடற்கரைக்கு இறங்கிட்டார்.

— அப்ப எழுதிக்குங்க, மேடம். அவன் சொன்னது நடந்துச்சு, ஊர்க்காரங்க நாங்களேதான் கட்டினோம். நீங்க உக்காந்திருக்கிறது என் வீடு.