ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

இந்தப் பன்னை எங்கே வாங்கினீர்கள் மேடம்? நடுவில் வேகவில்லை. குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். என்னை மாதிரி ஆளை ஸ்டேஷனில் உட்காரவைத்துச் சாப்பிடக் கொடுத்தீர்களே, அதுவே பெரிது. ஆனால் மேலே நிறம் வந்துவிட்டது என்று அவசரப்பட்டு எடுத்திருக்கிறார்கள். சூட்டைக் குறைத்து இன்னும் சற்று நேரம் உள்ளேயே விட்டிருக்க வேண்டும். ரொட்டி சுடுகிற யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை எழுதி வையுங்கள். மாவையும் சூட்டையும் ஒன்றாக மாற்றிவிட்டு முழித்தால் யார் என்ன செய்ய முடியும்?

என் குறிப்புகளைப் பற்றிக் கேட்டீர்கள். கணினி உங்களிடம்தான் இருக்கிறது, கடவுச்சொல்லையும் நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். படித்துப் பாருங்கள், பெரும்பாலும் கொட்டாவிதான் வரும்.

நான் ஒரு கம்பெனியின் கணினி சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவன். எதைத் தொடுவதற்கு முன்னாலும் ஒரு பிரதி எடுத்து வைப்பேன் என்பதால் ஆபீஸில் எனக்கு 'பேக்கப்' என்றே பெயர். 'பேக்கப் சாப்பிடப் போயிட்டாரா?' என்றுதான் என்னைத் தேடுவார்கள். எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. ஒரு மாற்றம் செய்வதற்கு முன் என்ன செய்யப்போகிறோம், எதற்காக, சரிவராவிட்டால் எப்படிப் பழையபடி ஆக்குவது என்று எழுத வேண்டும். எழுதிய பிறகுதான் கை வைக்க வேண்டும். எனக்கு அது பழகி, வீட்டுக்கும் வந்துவிட்டது. குளியலறைக் குழாயில் வாஷர் மாற்றியது, மழை வந்தால் உப்பிக்கொள்ளும் பின்கதவை இழைத்தது, ஜாடியில் வளர்க்கும் புளித்த மாவு எந்த அலமாரியில் நன்றாகப் பொங்குகிறது என்பது, எல்லாம் எழுதி வைத்தேன். வீடு, ஓவன், ஆபீஸ் என்று மூன்று ஃபோல்டர்.

என் மனைவிக்கு இது ஒரு கேலி. "என்னை எந்த ஃபோல்டர்ல போட்டு வெச்சிருக்கீங்க?" என்பாள். அப்போது எதிலும் வைக்கவில்லை.

அவள் எதையும் எழுத மாட்டாள். தண்ணீரைக் கையால் ஊற்றுவாள், மாவைக் கன்னத்தைக் கிள்ளுவது போலக் கிள்ளிப் பார்ப்பாள், இன்னும் கொஞ்சம் போகட்டும் என்பாள். நான் பின்னாலேயே நின்று குறித்துக்கொள்வேன். குறித்தபடியே செய்தாலும் என் ரொட்டி செங்கல்லாகத்தான் வரும். அவள் ரொட்டியை உடைக்கும்போது வருகிற ஆவியில் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்பேன். அந்தச் சமையலறையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன் மேடம், அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அவளுடைய அக்கா வேறு ஊரில் ரொட்டிக் கடை வைத்திருக்கிறாள். இரண்டாவது கடை திறக்கப்போகிறேன், நீ வந்து பார்த்துக்கொள் என்று தங்கையைக் கூப்பிட்டாள். வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்துவிடலாம் என்றாள். என் மனைவி துள்ளிக் குதித்தாள். "நீங்களும் வாங்களேன், உங்க வேலையை அங்கிருந்தே பார்க்கலாமே," என்றாள். பார்க்கலாம்தான். ஆனால் நான் அந்த வீட்டை ஒவ்வொரு திருகாணியாகச் சரிசெய்து வைத்திருந்தேன்.

எனக்குப் பயம் வந்தது. நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஆபீஸிலிருந்து வந்து கதவைத் திறக்கும்போது உள்ளே சத்தமே இல்லாமல் இருக்கும் என்று நினைத்தாலே வாசலிலேயே நின்றுவிடுவேன். அதை அவளிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் சிரித்துவிட்டு, தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, போயிருப்பாள்.

அவளுடைய அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் நினைவு தப்பிவிட்டது. முதலில் வாசனை போயிற்று. பால் தீய்ந்து வீடே புகைந்தாலும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார்கள். பிறகு கரண்டிகளைத் துணி அலமாரியில் ஒளித்து வைத்தார்கள். பெற்ற பெண்ணையே, "நீங்க யாரும்மா?" என்று மரியாதையாகக் கேட்டார்கள். தனக்கும் அப்படி வருமோ என்பது என் மனைவிக்குள் கிடந்த பயம். அதை அவள் என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

நான்காவது ஃபோல்டருக்கு நான் பெயர் வைக்கவில்லை. 'புதிய ஃபோல்டர்' என்றே இருக்கும், பாருங்கள்.

முதல் மாற்றம் மிகச் சிறியது. மாவு அளக்கும் கரண்டிகளை எடுத்து, அவள் மடித்து வைத்திருந்த துணிகளுக்கு நடுவில் வைத்தேன். பழையபடி ஆக்குவது எப்படி என்ற இடத்தில், 'எடுத்து மாட்டிவிட்டால் போதும்' என்று எழுதினேன். அவற்றைக் கண்டெடுத்தபோது அவள் கத்தவில்லை. கரண்டிகளை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "அட, இதுக்கெல்லாம் போய்... ஏதோ ஞாபகத்துல வெச்சிருப்பே," என்றேன். என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நாள் எதையும் தொடாமல் விட்டேன். ஒரு மாற்றம் நிலைத்த பிறகுதான் அடுத்ததைச் செய்ய வேண்டும். பிறகு மாவு பொங்குவதற்காக அவள் ஃபோனில் வைக்கும் அலாரத்தைத் தள்ளி வைத்தேன். மாவு பொங்கி வழிந்து தட்டெல்லாம் ஒட்டிக்கொண்டது. இன்னொரு நாள் ஓவனுக்குள் ரொட்டி கருகிக்கொண்டிருந்தது. எனக்கும் நன்றாகவே மூக்கில் ஏறியது. "ஏங்க, ஏதோ தீயுற வாசம் வரலை?" என்றாள். எனக்கு ஒன்றும் வரவில்லையே என்றேன். அவள் மூக்கைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். பிறகு திறந்து பார்த்துவிட்டு, கருகினது தெரிந்தும், முதலிலேயே தனக்கு வாசனை வந்ததை மறந்துவிட்டு, "பார்த்தீங்களா, எனக்கு மூக்கு போயிடுச்சு," என்று அழுதாள். அவ்வளவு தூரம் நான் எதிர்பார்க்கவில்லை. எழுதி வைத்துக்கொண்டேன்.

டாக்டரிடம் போகலாமா என்று கேட்டாள். வேண்டாம், அவர்கள் ஏதாவது பெயர் வைத்தால் பயம்தான் கூடும் என்றேன். அது உண்மைதானே.

ஓவன் விஷயத்துக்கு வருகிறேன். எங்களுடையது பழைய கேஸ் ஓவன். திருகும் குமிழில் எழுத்தெல்லாம் தேய்ந்துவிட்டது, ஒரு திருகில் மூடும், அடுத்த திருகில் திறக்கும். தீ இல்லாவிட்டால் தானாக கேஸை நிறுத்துகிற வசதியும் அதில் கிடையாது. மாற்ற வேண்டும் என்று 'வீடு' ஃபோல்டரில் எழுதி வைத்திருக்கிறேன். அவள் அணைத்துவிட்டு வெளியே போனதும் நான் போய் மறுபடி ஏற்றி வைப்பேன். சின்னத் தீதான். திரும்பி வந்து தொட்டுப் பார்த்தால் சுடும். அப்படிச் சில முறை நடந்தது. பாவம், வாசல் வரை போய்விட்டுச் செருப்போடு உள்ளே ஓடி வருவாள். எதிரே வருகிற என்னைப் பார்த்து, "வீட்டையே கொளுத்திடுவேங்க நான். உங்களையும் சேர்த்துக் கொளுத்திடுவேன்," என்பாள்.

பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் எவ்வளவு நாளைக்குப் பிறகோ ஒரு தெளிவு. "அணைச்சாச்சுன்னு என் மனசு சொன்னா, அணைக்கலைன்னு அர்த்தம். அதனால யோசிக்கவே மாட்டேன். திரும்பிப் போய் இன்னொரு தடவை திருகிட்டு வந்துடுவேன்."

எங்கள் தொழிலில் இதை அடிக்கடி பார்ப்போம். ஒரு கோளாறைக் கொஞ்ச நாள் சரிசெய்யாமல் விட்டால், அதை வைத்துக்கொண்டே வேலை பார்க்க ஆட்கள் தங்களுக்கென்று ஒரு குறுக்குவழி பழகிக்கொள்வார்கள். கோளாறைச் சரிசெய்யும் நாளில் அந்தக் குறுக்குவழிதான் புதிய கோளாறு. எனக்கு அது தெரியும். அவள் சொன்னதை அப்படியே குறித்தும் வைத்தேன்.

கடைசியில் அவளே அக்காவைக் கூப்பிட்டாள். "அக்கா, என்னால முடியாது. நான் சரியா இல்லை," என்றாள். ஏன் என்று கேட்டதற்குச் சொல்ல முடியாமல் ஃபோனை என் கையில் கொடுத்துவிட்டாள். அக்கா என்னிடம், "தம்பி, நீங்க கூட இருக்கீங்கங்கற தைரியத்துலதான் நான் நிம்மதியா இருக்கேன்," என்றாள். எனக்கே கண் கலங்கிவிட்டது.

அதோடு நான் நிறுத்திவிட்டேன் மேடம். எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்தேன், ஓவனை ஏற்றுவதை விட்டேன், அலாரத்தைத் தொடவில்லை. ஒவ்வொன்றாக, எழுதி வைத்திருந்தபடி, கடைசி மாற்றத்திலிருந்து முதல் மாற்றம் வரை. தீங்கு செய்ய நினைத்தவன் இப்படிப் பொறுமையாகத் திருப்பி வைப்பானா?

ஆனால் அவள் தேறிவிட்டாள். நான் அதை யோசிக்கவில்லை. எதுவும் தொலையவில்லை, எதுவும் கருகவில்லை. சாப்பிட ஆரம்பித்தாள், பாத்திரம் கழுவும்போது ஏதோ முணுமுணுத்தாள். ஒரு நாள் காலையில் என் முன்னால் காபியை வைத்துவிட்டு, "ஏங்க, எனக்கு ஒண்ணுமில்லைங்க. சும்மா பயந்திருக்கேன். அக்காகிட்ட வர்றேன்னு சொல்லிட்டேன்," என்றாள். பெட்டியைக்கூட இறக்கி வைத்திருந்தாள். குமிழை இரண்டாவது தடவை திருகுகிற பழக்கத்தை மட்டும் அவள் விடவில்லை; அவள் நகர்ந்ததும் நான் போய் மூடிவிடுவேன். வேண்டாம், விட்டுவிடு என்று நானும் சொல்லவில்லை.

நீங்கள் கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருக்கிறீர்கள். என் ஃபோன் செய்திகளை அச்சடித்த தாள் உங்கள் கைக்கடியில் இருக்கிறதே, அதைப் பற்றி நானே சொல்கிறேன். சமையலறையில் கேஸ் கசிந்தால் கண்டுபிடிக்கிற கருவியை மாட்டியவன் நான்தான். ஆவி பட்டாலே அலறுகிறது என்று அதன் சத்தத்தை அடைத்து, என் ஃபோனுக்கு மட்டும் செய்தி வரும்படி செய்திருந்தேன். அவள் கிளம்புவதற்கு முந்தின நாள் பகலில், நான் மாடி அறையில் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே அக்காவுக்காக ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். முதல் தட்டு முடிந்திருக்கும், அணைத்திருப்பாள், பிறகு வழக்கம்போல இன்னொரு தடவை திருகித் திறந்துவிட்டிருப்பாள். செய்தி வந்தது. கேஸ் கசிகிறது என்றது.

அதில் 'பார்த்தேன்' என்று ஒரு பொத்தான் உண்டு. ஆபீஸிலும் அப்படித்தான். ஒரு எச்சரிக்கை வந்தால் யார் 'பார்த்தேன்' என்று அழுத்துகிறாரோ, அது அவர் பொறுப்பு. அதற்குப் பிறகு அது வேறு யாரையும் கூப்பிடாது. நான் அழுத்தினேன். தாளில் இருப்பது என் ஃபோன்தான், அதில் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

எழுந்திருக்கத்தான் நினைத்தேன். நாற்காலியைக்கூடப் பின்னால் தள்ளினேன். அப்போது ஒரு யோசனை வந்தது. நாற்றம் அடித்தால் பயப்படுவாள், ஜன்னலைத் திறப்பாள், குமிழைத் தானே திறந்துவிட்டிருப்பதைப் பார்ப்பாள், பெட்டியை மறுபடி மேலே ஏற்றுவாள். அவ்வளவுதான் நினைத்தேன். நான் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. அது அவளாகச் செய்துகொண்ட மாற்றம்.

அவள் மாடிப்படிக்குக் கீழே வந்து நின்றாள். அவளுக்கு மூக்கு நன்றாகத்தான் இருந்தது.

"ஏங்க, கேஸ் வாசம் வருதா? எனக்கு வர்ற மாதிரி இருக்கே."

ஃபோன் என் கையில்தான் இருந்தது. மாடிவரை நாற்றம் ஏறியிருந்தது.

"இல்லையேம்மா," என்றேன்.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். நான் எதற்காக இல்லை என்றேன் என்று நீங்கள் கேட்டால், அந்த நிற்றலுக்காகத்தான். அவள் தன் மூக்கை நம்புவதா என் வார்த்தையை நம்புவதா என்று யோசித்தாள். பிறகு, "சரி, எனக்குத்தான் அப்படித் தோணுது," என்றாள். யாரும் என்னை அதற்கு முன் அவ்வளவு நம்பியதில்லை. அடுத்த தட்டை வைக்கப் போனாள். தீப்பெட்டியை உரசுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

முகம் தப்பித்துவிட்டது. கைகள் இரண்டும்தான் தீயில் வெந்துவிட்டன. விரல்கள் இனி மடங்காது, மாவு பிசைவதெல்லாம் முடியாத காரியம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நான்தான் மறந்துவிட்டேன், நான்தான் மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். என்னிடம் மன்னிப்பும் கேட்டாள். நான்தான் அவளுக்கு ஸ்பூனால் ஊட்டிவிடுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை, ஒரு அலுப்பும் இல்லை. அக்காவும் கடையை வேறு ஆளை வைத்துத் திறந்துகொள்வதாகச் சொல்லிவிட்டாள்.

ஆமாம், எல்லாம் நான் செய்ததுதான். தெரிந்தே செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன் மேடம். சாயங்காலம் அவளுக்கு ஊட்டுகிற நேரத்துக்கு யாரையாவது அனுப்புங்கள், சூடு பார்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். இதையெல்லாம் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். இயல்பாகவே அவள் ரொம்பப் பயந்த சுபாவம்.