ஒரு கீறல்கூட இல்லாமல்

எனக்குத் தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும் அய்யா. பேச்சிலும் அப்படித்தான். தூறல் விழுந்தால் வீட்டுக்குப் போய் வெள்ளம் என்பேன். தெருநாய் குரைத்தால் சிறுத்தை துரத்தியது என்பேன். அதைப் பொய் என்று சொல்லக் கூடாது. உப்புச் சப்பில்லாத உண்மையை யார் காது கொடுத்துக் கேட்கிறார்கள்? என் மனைவி நான் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் காதில் வாங்குவாள். மருமகன் இன்னும் மோசம். முழுவதையும் கழித்துவிட்டு "சரிங்க மாமா" என்பார். உங்கள் மேசை மேல் இருக்கிறதே, அந்த லேப்டாப்பை என் பீரோவிலிருந்து எடுத்து உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தவரும் அவர்தான். மேலே ஒரு மாணவியின் பெயர் ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, "இது யாருது மாமா?" என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். அன்றைக்கென்று பார்த்து நம்பிவிட்டார்.

ஓய்வு பெறும்வரை பள்ளியில் கணினி அறைக்கு நான்தான் பொறுப்பு. பள்ளி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு லேப்டாப் கொடுக்கும். படிப்பு முடிந்ததும் திருப்பித் தந்துவிட வேண்டும். கொடுக்கிற நாளில் பிள்ளைகளை உட்காரவைத்து மாணவர் பொறுப்புகளை வாசித்துக் காட்டுவது என் வேலை. தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது, அடுத்தவரிடம் கொடுக்கக் கூடாது, பக்கத்தில் வைத்துத் தின்னக் கூடாது, பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லக் கூடாது. இதை அப்படியே வாசித்தால் முதல் வரியிலேயே பின்வரிசை தூங்கிவிடும். அதனால் கொஞ்சம் தாளித்துக் கொட்டுவேன்.

"பக்கத்துல வச்சு பிஸ்கெட் தின்னா எறும்பு வரும். தூளை மட்டும் தூக்கிட்டுப் போனா பரவாயில்ல. லேப்டாப்பையே தூக்கிட்டுப் போயிரும். போன வருஷம் ஒண்ணு காம்பவுண்டு சுவர் ஏறிட்டிருந்துச்சு. நான்தான் ஓடிப்போய் மடக்கிப் பிடிச்சேன்."

சிரிப்பார்கள். எனக்குக் கோடை மழையில் நனைந்த மாதிரி இருக்கும்.

"பாஸ்வேர்டைத் தூக்கத்துல உளறினாலும் குத்தம் குத்தம்தான். உளர்ற பழக்கம் இருந்தா வாயில பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டுப் படுங்க. கடைசியா ஒண்ணு. உசுரே போனாலும் லேப்டாப்பை விட்டுட்டு வரக் கூடாது."

இந்தக் கடைசி வரிக்குத்தான் கைதட்டு விழும். அந்த வருஷம் முன்வரிசையில் ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் எழுந்து நின்றாள்.

"சார், பிளாஸ்திரி எந்தக் கலர்ல இருக்கணும்?"

வகுப்பே குலுங்கியது. "வெள்ளை" என்றேன், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

அவளுக்கு வகுப்பில் வைத்த பட்டப்பெயர் 'சொன்னபடி'. எதைச் சொன்னாலும் எழுத்துப் பிசகாமல் செய்துவிட்டு, "நீங்க சொன்னபடி செஞ்சிட்டேன் சார்" என்று வந்து நிற்பாள். உள்ளர்த்தம், கிண்டல், சும்மா ஒரு பேச்சு என்பதெல்லாம் அந்தப் பிள்ளைக்குப் பிடிபடாது. மக்கு இல்லை. கணக்கில் கெட்டிக்காரி. சொல்லுக்குச் சொல்தான் அர்த்தம் என்று இருந்தாள், அவ்வளவுதான்.

நான் அவளுக்கென்று புதுப்புது விதிகள் போட ஆரம்பித்தேன். லேப்டாப் மேல் உன் நிழல் விழக் கூடாது என்றேன். மறுநாள் முதல் வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்துப் பார்த்து இடம் மாறி உட்கார்ந்தாள். மூடும்போது அதற்கு நன்றி சொல் என்றேன். சொன்னாள். ஆசிரியர் அறையில் இதையெல்லாம் நடித்துக் காட்டுவேன். விளையாட்டு ஆசிரியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

"விட்டா அந்தப் பொண்ணு நீங்க சொன்னா கிணத்துலயே குதிச்சிரும் சார்."

"குதிக்காது. லேப்டாப் நனைஞ்சிரும்ல."

அவளுடைய அம்மா ஒருநாள் வந்தார். சலவைக் கடையில் துணி தேய்க்கிறவர், கையெல்லாம் சூட்டுத் தழும்பு. கணினி அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. புள்ள தூங்குறப்ப வாயில பிளாஸ்திரி ஒட்டிக்கிறா. மூக்கடைப்பு உள்ள புள்ள. பயந்து பயந்து நான் முழிச்சிக்கிட்டே கெடக்கேன். குளிக்கப் போனாலும் அதைக் கதவுகிட்ட வச்சு, என்னைக் காவலுக்கு நிறுத்திட்டுத்தான் போறா. கேட்டா, சார் சொன்னாருங்கறா. நான் சொன்னா எடுபடாது. நீங்க ஒரு வார்த்தை, சும்மா சொன்னேன்னு சொல்லிருங்க சார்."

ஒரே ஒரு வார்த்தை. கூட வந்திருந்த அவள், அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

இந்த இடத்தை நீங்கள் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும் அய்யா. வாழ்நாள் முழுக்க நான் சொன்னதையெல்லாம் ஊரே கழிவு போட்டுத்தான் வாங்கியது. முழு விலைக்கு வாங்கியவள் அவள் ஒருத்திதான். சும்மா சொன்னேன் என்று சொல்லிவிட்டால் அவளும் மற்றவர்களைப் போல் ஆகிவிடுவாள்.

"பாஸ்வேர்டு முக்கியம்மா" என்றேன். "பிளாஸ்திரியில நடுவுல ஒரு சின்ன ஓட்டை போட்டுக்கச் சொல்லுங்க."

அந்த அம்மா எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நாள் சாதாரணமாகத்தான் விடிந்தது. மாடியில் நூலகம், அதற்கு நேர் கீழே கணினி அறை. நான் ஒரு வேலையாக மேலே போனபோது, நூலகத்தில் ஜன்னலோரம் சொன்னபடியின் லேப்டாப் தனியாக இருந்தது. அவள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். அவள் அதை விட்டுவிட்டுப் போய் நான் பார்த்ததே இல்லை. வாய்த்தது வேட்டை என்று எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். மதியம்வரை தேடவிட்டு, பிறகு எல்லார் முன்னாலும் எடுத்துக் காட்டுவதாகத் திட்டம். ஆசிரியர் அறைக்கு ஒரு வாரத்துக்கான கதை கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே படியிறங்கினேன்.

அப்போதுதான் மணி விடாமல் அடித்தது. கணினி அறையில், லேப்டாப்களுக்குச் சார்ஜ் போடுகிற அலமாரியில் தீ. பிள்ளைகளை வரிசையாக மைதானத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம். தலைமையாசிரியை ஒலிபெருக்கியில், "எதையும் எடுக்காதீங்க, அப்படியே வாங்க" என்று கத்திக்கொண்டிருந்தார். ஆனால் அந்தப் பிள்ளைக்கு லேப்டாப் விஷயத்தில் தலைமையாசிரியை நான்தான்.

மற்றவர்கள் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் வேலியோரம் தனியாக நின்றிருந்தேன். கையில் வெறும் லேப்டாப் உறையைப் பிடித்துக்கொண்டு சொன்னபடி வந்தாள்.

"சார், என் லேப்டாப் மேல இருக்கு."

"எங்க வச்ச?"

"லைப்ரரில, ஜன்னல் மேசைல. லேப்டாப் பக்கத்துல தண்ணி ஆகாதுன்னு வச்சிட்டு, குடிக்கப் போனேன் சார். அதுக்குள்ள மணி அடிச்சிட்டாங்க. வேற படி வழியா இறக்கிட்டாங்க."

"அப்ப வச்ச எடத்துலதான இருக்கும்."

"எடுத்துட்டு வரட்டா சார்?"

பையின் வார் தோளை அழுத்திக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள்.

"பொறுப்பு யாரோடது?" என்று கேட்டேன்.

"என்னோடது சார்."

பின்பக்கப் படியை நோக்கி ஓடினாள். போ என்று நான் சொல்லவில்லை. அதைத் தயவுசெய்து தனியாக எழுதிக்கொள்ளுங்கள். கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாள், அதுவும் உண்மை. சொன்னபடி ஆயிற்றே.

வெறும் புகைதான், குழந்தை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு இருமிக்கொண்டு வந்துவிடும் என்று நினைத்தேன்.

இல்லை. பாருங்கள், கூட்டியே பழகியவன் இங்கே மட்டும் கழித்துச் சொல்கிறேன். புகை இல்லை. நூலக ஜன்னலில் நெருப்பு ஏறியிருந்ததை அவள் கேட்பதற்கு முன்பே பார்த்துவிட்டேன். அவள் படியில் கால் வைத்தபோது எனக்குள் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது ஒரு நிறைவு. கிட்டத்தட்ட ஆனந்தம். உயிரே போனாலும் என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள், கடைக்காரரிலிருந்து காதலிக்கிறவன்வரை. அந்தச் சொல்லை ஒருவர் உண்மையிலேயே நம்பி நடந்து போவதை யார் பார்த்திருக்கிறார்கள்? நான் பார்த்தேன்.

ஜன்னல் மேசைக்கு அடியில்தான் கிடந்தாளாம். உறையின் ஜிப் திறந்திருந்ததாம், உள்ளே வைப்பதற்கு வசதியாக. தீயணைப்பு வீரர் சொல்லித் தெரிந்துகொண்டேன். லேப்டாப் எரிந்து உருகிப் போயிருக்கும் என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். அடுத்தவர் லேப்டாப்பைத் தொடக் கூடாது என்பது நானே வாசிக்கிற விதி. நானே அதை மீறினேன் என்று எப்படிச் சொல்வது? வீட்டுக்குக் கொண்டுபோய் பீரோவில் வைத்துவிட்டேன். அவளுடைய அம்மா பிறகு ஒருமுறை வந்தார். "பொட்டி எரிஞ்சு போச்சே சார், அதுக்கு நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்டார். "ஒண்ணும் வேணாம்மா, பள்ளிக்கூடம் பாத்துக்கும்" என்றேன். அதற்கும் நன்றி சொன்னார்.

அடுத்த வருஷமும் மாணவர் பொறுப்புகளை நான்தான் வாசித்தேன். எறும்பைச் சொல்லவில்லை. அவளைச் சொன்னேன், ஒரு முன்மாதிரியாக. ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. நான் சொன்னதைக் கழிவு போடாமல் ஒரு கூடமே வாங்கிக்கொண்டது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு ஒரு லேப்டாப்கூட உடையவில்லை. தலைமையாசிரியையே என்னைப் பாராட்டினார்.

நீங்கள் எழுதிய என் வாக்குமூலத்தை இப்போது வாசித்துக் காட்டினீர்களே, அதில் 'அஜாக்கிரதையால்' என்று ஒரு சொல் வருகிறது. அதை அடித்துவிடுங்கள். அவள் தேடுவது என் தோளில் இருப்பது எனக்குத் தெரியும். தீ தெரியும். அவள் போவாள் என்று தெரியும், உயிரோடு திரும்ப மாட்டாள் என்றும் தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன். இதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை. நீங்களும் கழிக்காதீர்கள்.

அஜாக்கிரதைக்காரன் என்றால் அந்த லேப்டாப்பை இப்படி வைத்திருப்பேனா? வாராவாரம் துடைத்து, சார்ஜ் போட்டு, அவள் பெயர் ஒட்டிய சீட்டு உரியாமல் பார்த்துக்கொண்டேன். புரட்டிப் பாருங்கள், ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அதை மேசை ஓரத்தில் வைத்திருக்கிறீர்கள் அய்யா. கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள். விழுந்து உடைந்தால் யார் பொறுப்பு?