இரண்டாவது சாட்சி

— ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, நவம்பர் மாதம் பன்னிரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை. இராஜபாளையம். காலை முதல் இடைவிடாத தூறல், காற்று இல்லை, மேற்கே மலை கண்ணுக்குத் தென்படவில்லை.’ இந்த முதல் வரிகளில் பிழை உண்டா, கருத்தையா?

— பிழையெல்லாம் இல்லய்யா. ஆனா உயில்ல எதுக்கு மழ? சொத்து எழுதுத எடத்துல தூறல எழுதுனா வாசிக்கிறவன் சிரிக்க மாட்டானா?

— சிரிக்கட்டும். முப்பத்தோராண்டு நீதிபதியாக இருந்தவன் நான். அன்று மழை பெய்ததா, இல்லையா என்ற ஒரு கேள்விக்கு மட்டும் எத்தனை சாட்சிகள் பொய் சொன்னார்கள் என்று உனக்கே தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டு வாசலில் நின்று அவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட டவாலி நீதானே.

— மும்மூணு தடவ கூப்பிடுவேன். ‘தவசிமுத்து ஜட்ஜ் ஐயா கோர்ட்டுல கருத்தையா கூப்பிட்டா பஸ் ஸ்டாண்டுல நிக்கிறவனும் ஆஜராயிருவான்’னு சொல்லுவாவ. இப்பத் தொண்ட போச்சு. வீட்டுல மருமகளக் கூப்பிட்டாக்கூட திரும்பிப் பாக்க மாட்டேங்கா.

— எனக்கு நெஞ்சு போயிற்று. நாளைக் காலை மதுரைக்குப் போகிறேன், திங்கட்கிழமை கீறுகிறார்கள். பிழைப்பதற்கு வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். ஆகவே இந்த உயில் இன்று முடிந்தாக வேண்டும். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரை அழைத்தாயா?

— வந்துட்டாரு. இந்தா, வாசல்ல செருப்பக் கழத்துதாரு.

— நமஸ்காரமண்டி, ஜட்ஜ் சார். பால்ச்சாமி ராஜா, பஞ்சு வியாபாரம். பேரச் சொல்லிட்டா நல்லது பாருங்க. ஏழு வருசமா காம்பவுண்டுச் சுவருக்கு மேல என் தலைய மட்டும்தான் பாத்திருக்கீங்க. முழு ஆளா இன்னிக்குத்தான் பாக்கிறீங்க.

— உட்காருங்கள், ராஜா. உங்களை முன்பே அழைத்திருக்க வேண்டும்.

— பரவால்ல சார். நான் வராட்டி என்ன, எங்க நாய் வாரம் ரெண்டு தடவ உள்ள வந்து போகுது. எங்க போடணும் கையெழுத்து?

— முதலில் நான் இடுவதை நீங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தீர்களா? இனி நீங்கள் இங்கே இடலாம். உள்ளே எழுதியிருப்பதை நீங்கள் படிக்க வேண்டியதில்லை.

— படிச்சா மட்டும் எனக்கு என்ன எழுதி வச்சிருக்கப் போறீங்க. போட்டாச்சு. ரெண்டாவது ஆளு யாரு?

— வக்கீல் சுந்தரபாண்டியன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

— அதச் சொல்லத்தான் வந்தேன். இப்ப எங்க வீட்டு போன்ல பேசினாரு. காய்ச்சலாம், வர முடியாதாம். குரல்ல காய்ச்சலக் காணோம் சார்.

— அவருக்கு என்மேல் மனத்தாங்கல் உண்டு. வழக்குக்குத் தாமதமாக வந்தார் என்று ஒரு நாள் முழுவதும் அவரை நிற்க வைத்தேன்.

— அப்ப அது நியாயமான காய்ச்சல்தான். விடுங்க, கடையில கணக்குப்பிள்ள இருக்கான், அனுப்பட்டுமா?

— அவருக்கு என்னைத் தெரியாதே. நாளை ஒருவர் கேள்வி கேட்டால், ‘இந்த மனிதரை நான் நன்கு அறிவேன், தெளிந்த புத்தியோடுதான் எழுதினார்’ என்று கூண்டில் ஏறிச் சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும்.

— உங்கள நல்லா அறிஞ்சவரா? இந்த ஊர்லயா? அது கஷ்டம்தான் சார். நான் வரேன், மூட்டையெல்லாம் நனையுது. ஆபரேசன் நல்லபடியா முடியும், பயப்படாதீங்க.

— போயிட்டாரு. மனுசன் எம்புட்டுப் பேச்சுப் பேசுதாரு பாத்தியளா?

— அவர் பேச்சில் குற்றமில்லை, கருத்தையா. யார் வீட்டுக் கல்யாணத்திலும் நான் கை நனைத்ததில்லை. இன்று விருந்து வைப்பவன் நாளை என் முன்னால் வாதியாக நிற்பான் என்று ஒதுங்கியே இருந்தேன். பதவி போன பின்பு கதவைத் திறந்து வைத்தேன், யாரும் வரவில்லை. வருவதற்கு அவர்களுக்குப் பழக்கமில்லை. இப்போது என்னை அறிந்தவர் என்று ஒருவருக்கு எங்கே போவேன்?

— எதுக்கு எங்கயும் போகணும்? நான் இருக்கேம்லா. குடுங்க அந்தப் பேனாவ.

— நீ இடக்கூடாது.

— ஏன்யா? பதினாலு வருசம் உங்ககிட்டச் சேவகம் பாத்தவன். இந்த ஏழு வருசமாச் சோழபுரத்துலருந்து தெனம் வந்து போறவன். என்னைய விட உங்கள அறிஞ்சவன் எவன் இருக்கான்?

— ஒருவனும் இல்லை. ஆனால் நான் கிறித்தவன். எனக்குப் பொருந்துகிற சட்டத்தில், உயிலுக்குச் சாட்சியாகக் கையெழுத்திட்டவனுக்கு அந்த உயிலில் எழுதிய சொத்து சேராது. உயில் நிற்கும்; அவன் பங்கு மட்டும் விழுந்து, வாரிசுக்குப் போய்விடும்.

— போகட்டும். அதுக்கும் எனக்கும் என்ன?

— இந்த வீட்டை உனக்கு எழுதியிருக்கிறேன்.

— செத்த நேரம் இருங்கய்யா. தண்ணி குடிச்சுக்கிடுதேன்.

— பானை அந்த மூலையில் இருக்கிறது.

— தெரியும். நான் வச்சதுதான். ஐயா, நான் ஒண்ணு கேக்கலாமா? பெத்த மக குத்துக்கல்லாட்டம் வ. புதுப்பட்டியில இருக்கையில, இந்த வீடு எனக்கு எதுக்கு?

— அவள் பேச்சை எடுக்காதே.

— எடுப்பேன். பரிபூரணம் பாப்பாவ ஸ்கூலுக்குச் சைக்கிள்ல வச்சு மிதிச்சவன் நான். இன்னைக்கு விட்டா எப்பப் பேச?

— தாயில்லாத பெண்ணை நானே வளர்த்து நானே கட்டிக் கொடுத்தேன். அவள் மாமனாரின் நில வழக்கு என் கோர்ட்டுக்கு வரும் என்று நான் கனவா கண்டேன்? வந்த அன்றே அதை வேறு கோர்ட்டுக்கு மாற்றச் சொல்லி எழுதினேன். ஆனாலும் வழக்கு முடியும்வரை அந்த வீட்டார் என் வாசலை மிதிக்கக்கூடாது என்று உத்தரவு போட்டேன். மிதித்தால் ஊர் என்ன சொல்லும்?

— ஊரு என்னத்தச் சொல்லிச்சோ, எனக்குத் தெரியாது. எம்பத்தொண்ணுல, சித்திரை வெயில்ல, மூணு மாசக் கைப்பிள்ளையோட வந்து நின்னாவ. ஒரு கூட மாம்பழம். ‘கேசு முடியுத வரைக்கும் உள்ள விடக்கூடாதுன்னு ஐயா உத்தரவு’ன்னு நான்தான் சொன்னேன். பழத்தையாவது வாங்கிக்கிடுங்கன்னாவ. அதையும் வாங்கல.

— வாங்கக்கூடாதுதான்.

— நீங்க ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டு நின்னியள்லா?

— நின்றேன். பிள்ளையின் முகம் தெரியவில்லை. துண்டால் மூடியிருந்தாள்.

— இப்ப அந்தப் பயலுக்குப் பன்னெண்டு வயசு. பாட்டையா எப்படி இருப்பாருன்னு அவனுக்கும் தெரியாது.

— அது என் குற்றமா, கருத்தையா? நான்காண்டு பொறுத்திருந்தேன். ஆனால் வழக்கு முடிந்த அன்று காலையில் நான் செய்த முதல் காரியம் என்ன? ‘தடை நீங்கியது. பரிபூரணம் எப்போது வந்தாலும் உள்ளே அழைத்து உட்கார வைக்கவும்’ என்று என் கையால் எழுதி உன்னிடம் கொடுத்தேன். என் வீட்டில் வாய்ப்பேச்சாக உத்தரவு கிடையாது என்பது உனக்குத் தெரியும். கொடுத்துவிட்டுத்தான் விருதுநகருக்கு வண்டி ஏறினேன்.

— குடுத்திய.

— அவள் வரவில்லை. நான் அழைக்க வேண்டுமென்று அவள் இருந்திருப்பாள். அவளே வரட்டுமென்று நான் இருந்தேன். ஒரு மாதம், ஓராண்டு, எட்டாண்டு. இந்த ஏழு வருடத்தில் வெளிக்கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டு எழுந்து போனால், ஒவ்வொரு முறையும் நீதான் நிற்பாய். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்தவன் நீ. என் பேச்சைக் கேட்க இந்த உலகத்தில் மிஞ்சியவன் நீ ஒருவன். உனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவேன்? எங்கே கை போகிறது? கருத்தையா, பேனாவை வை.

— போட்டுட்டேன்யா.

— என்ன காரியம் செய்தாய்?

— ராஜா பேருக்குக் கீழ. கருத்தையான்னு தெளிவா இருக்கு பாருங்க. நீங்க கையெழுத்துப் போட்டதையும் இந்தக் கண்ணால பாத்தேன். சட்டப்படி எல்லாம் சரியா இருக்குல்லா?

— சரியாகத்தான் இருக்கிறது. வீடு உன் கையை விட்டுப் போயிற்று. இதைக் கிழித்துப் போட்டு வேறொன்று எழுதுவேன்.

— எழுதுங்க. மறுபடியும் ரெண்டாவது சாட்சிக்கு என்னையத்தான் தேடணும். மறுபடியும் போடுவேன்.

— உனக்கென்ன பைத்தியமா? மருமகளிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு ஒரு அறையில் கிடக்கிறாய். இந்த விசுவாசத்துக்கு நான் வேறு எதைத் தருவேன்?

— அந்தச் சொல்லச் சொல்லாதிய. அதக் கேக்கும்போதெல்லாம் எனக்குச் சோறு எறங்க மாட்டேங்கு. விசுவாசம் இல்லய்யா. பயம்.

— யாரிடம் பயம்?

— உங்ககிட்டத்தான். நீங்க அந்தச் சீட்டத் தந்தப்ப எனக்கு எழுத்தே தெரியாது. அஞ்சாங்கிளாஸ்னு பொய் சொல்லி வேலையில சேந்தவன் நான். சம்பளத்துக்கு எம்பேர மட்டும் படம் வரையுத மாதிரி வரைஞ்சிருவேன். இப்ப வாசிக்கேனே, இதுகூடப் போன வருசம் எங்கூரு அறிவொளி வகுப்புல கத்துக்கிட்டதுதான்.

— கோர்ட்டில் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக அழைத்தாயே?

— காலையில பெஞ்ச் கிளார்க்கு வாசிப்பாரு. மனசுல வச்சுக்கிட்டு, தாளப் பாக்குத மாதிரி பாத்துக் கூப்பிடுவேன். நீங்க தார சீட்டையும் அவருதான் வாசிச்சுச் சொல்லுவாரு. அன்னைக்கு அவரு லீவு.

— அதனால்?

— நாளைக்கு வாசிக்கச் சொல்லிக்கிடலாம்னு சட்டப் பையில போட்டுக்கிட்டேன். மறுநாள் அவரு வாசிச்சுச் சொன்ன பொறவுதான் எனக்கே வெளங்குச்சு. உங்ககிட்டச் சொன்னா வேல போயிரும். வ. புதுப்பட்டிக்குப் போயி அவிய முகத்துல முழிக்கவும் தைரியம் வரல. அதான் தெனம் வாரேன். சொல்லிரணும்னு வருவேன், கஞ்சி வச்சுட்டுப் போயிருவேன்.

— நீ பேசுவது எனக்கு விளங்கவில்லை, கருத்தையா. மறுநாள் தெரிந்தால் என்ன? அவள்தான் வரவே இல்லையே.

— வந்தாவய்யா. அன்னைக்கே வந்தாவ, பயலக் கையில பிடிச்சுக்கிட்டு. ‘அப்பா ஏதும் சொல்லிட்டுப் போனாவளா?’ன்னு கேட்டாவ. சீட்டுப் பையில இருக்கு, ‘பழைய உத்தரவுதான்’னு சொல்லி வாசக்கதவச் சாத்திட்டேன். எம்பத்தஞ்சு ஆகஸ்ட் ஏழாந் தேதி, சாயங்காலம் அஞ்சு மணி பத்து நிமிசம்.