வால்காரனின் ஒற்றை மணி

காலை வேளையில் சைக்கிள் மிதிப்பது குடலுக்கு நல்லது. இதைச் சொன்னால் விழுப்புரத்தில் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் மலச்சிக்கலோடு வீட்டில் கிடப்பார்கள். இன்றைக்குக்கூட விழுப்புரத்திலிருந்து இந்தத் திண்டிவனம் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் நான் தனியாகத்தான் மிதித்து வந்தேன். வழியில் எங்கும் இறங்கவில்லை. வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் உங்கள் ஏட்டு நாற்காலி போட்டுவிட்டார். சரி, உட்கார்ந்தே சொல்கிறேன். எழுதுகிறவர் நிதானமாக எழுதலாம், எனக்கு அவசரமில்லை.

என் பெயர் தாண்டவராயன். காணையில் நிலம் இருக்கிறது, அதை ஆட்கள் பார்த்துக்கொள்கிறார்கள். நான் பார்த்துக்கொள்வது விழுப்புரம் நெடுந்தூர சைக்கிள் சங்கத்தை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் அதை ஆரம்பித்தவன் நான், அன்றிலிருந்து போன மாதம் வரைக்கும் கேப்டனும் நான்தான். எங்கள் ஆள் தேவசகாயம் லாரியில் அடிபட்டுச் செத்தானே, அந்த விஷயமாக வந்திருக்கிறேன். கண்மண் தெரியாமல் ஓட்டியதாக லாரி டிரைவர் முத்துசாமி மேல் கேஸ் போட்டிருக்கிறீர்கள். அந்த மனிதர் ஒழுங்காகத்தான் ஓட்டினார். ஒரு நியாயஸ்தன் என்ற முறையில் அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

முதலில் சங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரில்தான் நெடுந்தூரம். எங்கள் ஆட்களுக்குத் தூரம் என்பது ஒரு இட்லிக் கடைக்கும் அடுத்த இட்லிக் கடைக்கும் நடுவில் இருக்கிற தொல்லை, அவ்வளவுதான். தாலுகா ஆபீஸ் சீனுவாசன் கட்டுச்சோற்றுத் தூக்கைக் கேரியரில் கட்டினால் முன்சக்கரம் தரையில் பட மறுக்கும். ஜவுளிக்கடை வேங்கடேசனுக்கு எதிர்காற்று அடிக்கிற நாளில் மட்டும் தவறாமல் பங்ச்சர் ஆகும். மற்றவர்கள் இவர்களைவிட மோசம். இந்தக் கூட்டத்துக்குக் காக்கி அரைக்கால் சட்டையும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூவும் மாட்டி, இரும்பை கிராமத்துக் கோயில், கண்டாச்சிபுரம் சந்தை, பாண்டிச்சேரிக் கடற்கரை என்று இழுத்துப் போனவன் நான். இழுத்தவன் நான். அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படி இழுப்பதற்கு ஒழுங்கு வேண்டும். அதற்குத்தான் மணி. நாங்கள் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் போவோம். முன்னால் போகிறவர் எக்காரணம் கொண்டும் திரும்பிப் பார்க்கக் கூடாது. தலை திரும்பினால் ஹேண்டில் திரும்பும், ஹேண்டில் திரும்பினால் பின்னால் வருகிற அத்தனை பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். ஒரு தடவை விழுந்தும் இருக்கிறோம். சீனுவாசனுக்கு அடியில் சிக்கியவர் அதற்குப் பிறகு சங்கத்துக்கே வரவில்லை. அதனால் பின்னால் என்ன வருகிறது என்று பார்ப்பது கடைசியில் வருகிறவர் வேலை. அவரை நாங்கள் வால் என்போம். மாட்டு வண்டி எதையாவது முந்த வேண்டுமானால் முன்னவர் கையைத் தூக்குவார். பின்னால் பஸ்ஸோ லாரியோ வந்தால் வால் இரண்டு மணி அடிப்பார், ஓரத்திலேயே இரு என்று அர்த்தம். ஒற்றை மணி என்றால் பாதை காலி, ஏறிப் போ. முதலில் முன்னவர் மட்டும்தான் ஏறிப் போவார். அவர் வண்டியைத் தாண்டிக் கை காட்டிய பிறகே மற்றவர்கள் போக வேண்டும். இந்த விதிகள் எல்லாம் நான் யோசித்துப் போட்டவை.

என் சைக்கிளில் இருந்தது பித்தளை மணி. பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த காலத்தில் வாங்கியது. சுங்கக்காரன் கண்ணில் படாமல் சீனுவாசனின் புளியோதரைக்குள் புதைத்துக் கொண்டுவந்தோம். அடித்தால் ரயில் சத்தத்துக்கு நடுவிலும் தனியாகக் கேட்கும். அதைப் பிற்பாடு சொல்கிறேன்.

தேவசகாயம் லோகோ ஷெட்டில் பிட்டர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்களோடு சேர்ந்தான். நான் சாதி பார்க்கிறவன் அல்ல. டீக்கடையில் நின்றால் அவனுக்கு வேறு தம்ளரில் கொடுக்கச் சொன்னது அவன் கொஞ்சம் அதிகமாகக் குடிப்பான் என்பதற்காகத்தான். அதையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வான். சங்கத்தில் எல்லாரும் என்னைக் கேப்டன் சார் என்பார்கள், அவன் மட்டும் அண்ணே என்றான். எந்த வகையில் நான் அவனுக்கு அண்ணன் ஆனேன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கால் இரண்டும் அவனுக்கு நல்ல கால், அதை ஒப்புக்கொள்கிறேன். வாய்தான் ஓயாது. என் விதிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டி நடித்துச் சிரிக்கவைப்பான். அந்தப் பயல்களும் மிதிக்கிறதை விட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

போன ஆடியில் செஞ்சிக்குப் போனோம். ஆடிக்காற்று நேர் முகத்தில் அடித்தது. செஞ்சிக்கு முந்தின மேட்டில் எனக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கியது. கொஞ்சம்தான். வரிசையில் நான் முதல், எனக்குப் பின்னால் அவன். திடீரென்று என் முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், ஒரு கை வந்து உட்கார்ந்தது.

“இன்னா அண்ணே, காத்து பேஜாரு பண்ணுதா? சும்மா குந்திக்கினு வாங்க, நான் தள்றேன்.”

ஒரு கையால் தன் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என்னை அந்த மேடு முழுக்கத் தள்ளிக்கொண்டு போனான். நான் மிதிப்பதை நிறுத்தியது கோபத்தால். பின்னால் வந்தவர்கள் அதைக் களைப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். மேட்டுக்கு மேலே போனதும் அவன் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். துளியும் கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்பு. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கேலியாகச் சிரித்திருந்தால் அவன் இன்றைக்கு உயிரோடு இருப்பான் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு ஊரில் எனக்குத் தள்ளுவண்டிக் கேப்டன் என்று பெயர். துணி கிழித்துக் கொடுக்கும்போதெல்லாம் வேங்கடேசன் அந்தக் கதையையும் சேர்த்துக் கொடுத்தான். காணையில் என் நிலத்தில் களையெடுக்கிற குப்பம்மாள், “இன்னாங்க ஐயா, முதுகு இப்ப தேவலயாங்களா?” என்று விசாரித்தாள். பாவம், அவள் நிஜமாகவே வலி என்று நினைத்துக் கேட்டாள். குளிக்கும்போது அந்த இடத்துக்கு மட்டும் இரண்டு தடவை சோப்புப் போடுகிற வழக்கம் எனக்கு அப்போதுதான் வந்தது.

தை பிறந்ததும் ஒரே நாளில் மெட்ராஸ் போவது என்று சங்கத்தில் பேச்சு வந்தது. நூறு மைல். அது என்னுடைய பல வருஷக் கனவு. ஆரம்பித்த நாளிலிருந்து நான் முன்னால் போக, இவர்கள் பின்னால் வர, மவுண்ட் ரோட்டில் நுழைவதை நினைத்துக்கொண்டுதான் தூங்கப் போவேன். சீனுவாசன் எழுந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு பேசினான்.

“கேப்டன் சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க முன்னாடி காத்த வாங்கிக்கினு போனா நாம செங்கல்பட்டே தாண்ட மாட்டோம். தேவசகாயம் முன்ன போகட்டும். நீங்க வாலுல நிம்மதியா வாங்க.”

கைதட்டினார்கள். தேவசகாயம் மட்டும், “அண்ணன் இருக்கும்போது நான் எதுக்குங்க?” என்று தலையைச் சொறிந்தான். அதற்கும் கைதட்டினார்கள். நான் பெருந்தன்மையோடு சம்மதித்தேன். கேப்டன் முகம் கொஞ்சம்கூட மாறவில்லை என்று வேங்கடேசன் பிறகு என்னைப் புகழ்ந்தான்.

அப்போதே திட்டம் போட்டாயா என்று கேட்பீர்கள். இல்லை. நான் திட்டம் போட்டுக் கெடுதல் செய்கிற ஆள் இல்லை. வாலில் இருக்கிறவனுக்கு என்னென்ன தெரியும், முன்னால் போகிறவனுக்கு என்னென்ன தெரியாது என்று மட்டும் யோசித்துப் பார்த்தேன். பல நாள் யோசித்தேன்.

கிளம்புகிற அன்று விடிந்ததும் அவன் மனைவி சவுரியம்மாள் ரயில்வே கேட் வரைக்கும் வந்தாள்.

“லாரிங்க போற ரோடு. பாத்துப் போங்க,” என்றாள்.

“வாலுல அண்ணன் இருக்காரு. எனக்கு இன்னா கவல?” என்றான் அவன்.

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அது கேட்டது. என் காதும் நன்றாக இருக்கிறது.

விக்கிரவாண்டி தாண்டினோம். அதற்கப்புறம் ஓரிடத்தில் ரோட்டுக்கு இடதுபக்கமாகத் தண்டவாளம் கூடவே வரும். முன்னால் மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு மாட்டு வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. தேவசகாயம் கையைத் தூக்கினான். அந்த நேரம் பார்த்து ஒரு ரயில் வந்தது. என்ஜின் டிரைவர் அவனுக்குத் தெரிந்தவர் போலிருக்கிறது, அவனைப் பார்த்ததும் விசிலைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனார். வரிசையில் இருந்த எல்லாரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ரயிலைப் பார்த்துக் கையாட்டினார்கள். நான் மட்டும் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அதுதானே எனக்குக் கொடுத்த வேலை.

லாரி வந்துகொண்டிருந்தது. ஹாரன் அடித்துக்கொண்டுதான் வந்தது, ரயில் விசிலில் அது எடுபடவில்லை. முத்துசாமி ஹாரனே அடிக்கவில்லை என்று உங்களிடம் சாட்சி சொன்னார்களே, அவர்கள் எல்லாரும் கையாட்டிக்கொண்டிருந்தவர்கள்.

லாரி என்னைத் தாண்டுகிற வரைக்கும் பொறுத்தேன். மற்றவர்கள் யாரும் ஓரத்தை விட்டு நகரவில்லை என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். அவர்கள் உயிருக்கு நான் பொறுப்பு, பொறுப்பில்லாதவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. அப்புறம் ஒற்றை மணி அடித்தேன்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நான் போட்ட விதிகளில் அவன் கிண்டல் செய்யாதது ஒன்று பாக்கியில்லை. ஆனால் அந்த விதியை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தான். மணி கேட்டதும் கையை இறக்கி, சீட்டிலிருந்து கொஞ்சம் எழும்பி, வலதுபக்கம் ஏறினான். எனக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. அதற்குப் பிறகு நடந்தது உங்கள் மகஜரில் இருக்கிறது.

இதோடு நான் பேசாமல் வீட்டில் இருந்திருக்கலாம். ஒருவர்கூட என்னைச் சந்தேகப்படவில்லை. தொல்லையே அதுதான். ஒற்றை மணி எல்லார் காதிலும் விழுந்திருக்கிறது. அதைப் பற்றி அவர்களே கூடிப் பேசி, அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். கேப்டன் சாருக்குக் கண் போய்விட்டது, பாவம், லாரி வந்தது அவருக்குத் தெரியவில்லை. போலீசில் இதைச் சொல்லி வயசான மனுஷனை அலைக்கழிக்க வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டார்கள். எனக்கு வயது ஐம்பத்தைந்துகூட ஆகவில்லை, சார். வேங்கடேசன் மெட்ராசில் நல்ல கண் டாக்டர் இருப்பதாகச் சொல்லி, கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான். சீனுவாசன் என் சைக்கிளிலிருந்து மணியைக் கழற்றி, சங்கத்தில் தேவசகாயம் படத்துக்குக் கீழே வைத்துவிட்டான். இன்று நான் மணி இல்லாத சைக்கிளில்தான் வந்தேன்.

நேற்று துக்கம் விசாரிக்க என்னை அவன் வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். சவுரியம்மாள் அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தாள். யாரோ அவளிடமும் என் கண்ணைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும்.

“அண்ணே, நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க,” என்றாள். “வயசானா கண்ணு மங்கத்தான் செய்யும். அவரு இருந்தாலும் உங்கள ஒரு வார்த்த சொல்ல மாட்டாரு.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்தேன். உடனே அவள் சீனுவாசனைப் பார்த்து, “படி இருக்குது, அண்ணனுக்குத் தெரியாது. புடிச்சி எறக்குங்க,” என்றாள். சீனுவாசன் என் முதுகில் கையை வைத்துப் படியிறக்கினான். அதே இடத்தில்.

ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை. செத்தும் அந்தப் பயல் என்னைத் தள்ளிக்கொண்டு போகிறான். ஊரே சேர்ந்து தள்ளுகிறது.

இன்ஸ்பெக்டர் சார், அந்த லாரிக்குப் பச்சைப் பெயிண்ட். முன்கண்ணாடியில் மூலையில் ஒரு விரிசல். பம்பரில் கட்டியிருந்த எலுமிச்சம்பழம் காய்ந்து கறுத்திருந்தது. முத்துசாமி நெற்றியில் விபூதி இருந்தது, காதில் பீடி இருந்தது. நீங்கள் அவரையே கேட்டுப் பார்க்கலாம். இத்தனையையும் பார்த்துவிட்டுத்தான் மணி அடித்தேன். இன்னும் சந்தேகம் இருந்தால், எதிர்ச்சுவரில் மாட்டியிருக்கிற அந்தக் காலண்டரை இங்கே உட்கார்ந்தபடியே படித்துக் காட்டுகிறேன்.

முத்துசாமியை விடச் சொல்லி வந்ததாக முதலில் சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், கடைசியில் எங்காவது எழுதிக்கொள்ளுங்கள். முதல் வரியில், தாண்டவராயனுக்குக் கண் பார்வை தெளிவு, மணி தெரிந்தே அடித்தது என்று இருக்க வேண்டும். அதன் ஒரு நகல் சங்கத்துக்குப் போக வேண்டும். சவுரியம்மாளுக்கு ஒருவர் வாசித்துக் காட்ட வேண்டும்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். கோட்டின் மேலேயே போட்டிருக்கிறேன், பாருங்கள். லாக்கப் அந்தப் பக்கம்தானே, நானே நடந்து போகிறேன். நடுவில் ஒரு படி இருப்பது எனக்குத் தெரிகிறது. உங்கள் ஏட்டை மட்டும் என் முதுகிலிருந்து கையை எடுக்கச் சொல்லுங்கள்.