மாத்திரை இல்லாத ரமலான்

பருப்பு சூப்பில் சீரகத்தை வறுத்துப் பொடித்துப் போட்டால்தான் மணக்கும். அன்றும் அப்படித்தான் செய்தேன், அதிகாரி அவர்களே. வேறு எதையும் கலக்கவில்லை.

என் கணவர் ஹில்மி கெட்டவர் அல்ல. கை நீட்டியதில்லை, ஏசியதில்லை. ஆனால் பல வருடங்களாக மனப்பதற்றத்துக்கு மாத்திரை சாப்பிட்டுவந்தார். விழுங்க மாட்டார், மெல்லுவார். சிந்திய துகளை விரலை நக்கித் தொட்டெடுத்துத் தின்பார். பிறகு வாயைத் திறந்தபடி சாய்ந்து கிடப்பார். எச்சில் வழிந்து சட்டையில் சொட்டும். துடைக்கும்போதெல்லாம் எனக்குக் குமட்டும். அலெக்சாண்டிரியாவின் கடல்காற்று மொத்தமும் வந்தாலும் அந்த நாற்றம் வீட்டைவிட்டுப் போகாது.

நான் மருந்துக்கடை நடத்துகிறவள். மூளையில் நரம்பணுக்களை அடக்கிவைக்கும் ரசாயனத்துக்கு அந்த மாத்திரை துணை நிற்கிறது. நாளடைவில் மூளை அந்தத் துணையை நம்பித் தன் சொந்தப் பிடியைத் தளர்த்திவிடும். திடீரென்று நிறுத்தினால் அணுக்களை அடக்க ஆளிருக்காது. சின்னத் தூண்டுதலுக்கும் மொத்தமாகத் துள்ளும். கை நடுங்கும், வலிப்பு வரும், உயிரும் போகலாம். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்வேன், கடைக்கு வருகிறவர்களிடம்.

ரமலான் பிறந்ததும் ஹில்மியிடம், "இந்த மாசமாவது அந்தப் போதைய விடுங்க" என்றேன்.

"விட்டுடறேன் இன்ஷிராஹ். கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுக்கிறேனே?"

"பாவத்த யாராவது கொஞ்சம் கொஞ்சமாவா விடுவாங்க?"

அழுதார். மாத்திரைகளை அவரே என் கையில் கொடுத்தார்.

நோன்பு மாதத்தில் ஊரே நடுங்கிக்கொண்டுதான் இருக்கும். காபி இல்லை, சிகரெட் இல்லை. "அண்ணனுக்கு சிகரெட் இல்லாம கை தாளம் போடுது, அண்ணி" என்று அவர் தங்கை சுஆத் சிரித்தாள். மாத்திரை விஷயம் அவளுக்குத் தெரியாது. வியர்வை அடங்காமல் போனதும் அவளே எங்களை டாக்டரிடம் இழுத்துப்போனாள்.

"மருந்து ஏதாவது சாப்பிடறாரா?" என்றார் டாக்டர்.

தங்கை முன் சொல்லக் கூசி, ஹில்மி என்னைப் பார்த்தார்.

"இல்லையே டாக்டர். வெறும் நோன்புதான்" என்றேன்.

தன் மானத்தை நான் காப்பாற்றினேன் என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பிசுபிசுத்த கை. உடையில் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் மாலை, நோன்பு திறக்கும் நேரத்தை ஊருக்கு அறிவிக்கும் பீரங்கி முழங்கியது. பேரீச்சம்பழம் வாயில் இருக்க, விறைத்துச் சரிந்தார். வலிப்பு விட்டுவிட்டு வந்தது. நுரை, ரத்தம், சூப் எல்லாம் விரிப்பில். சுஆத் அலறினாள். மாத்திரை என் கைப்பையில்தான் இருந்தது. எனக்கு விரிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை. முதலில் அதைத்தான் உருவி அலசினேன். ஆம்புலன்ஸ் வந்தபோது அவருக்கு மூச்சில்லை.

நிறுத்தச் சொன்னது நான்தான். என்ன நடக்கும் என்று தெரிந்தே சொன்னேன். ஆனால் டாக்டரிடம் பொய் சொன்னதாக மட்டும் எழுதாதீர்கள். அன்று அவர் எந்த மருந்தும் சாப்பிடவில்லை. நோன்பு வைத்துக்கொண்டு நான் பொய் பேசமாட்டேன்.